கறுப்புப் பெட்டி: பூச்சோங் குன்று முதல் இந்தியப் பெருங்கடல் வரை



கிள்ளானில் படிவம் 4 மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கொடுத்த பகுதி ஒரு விமான விபத்துச் செய்தி. பாதியிலேயே ஒரு மாணவர் கையை உயர்த்தினார். “ஐயா, எல்லாரும் கறுப்புப் பெட்டி, கறுப்புப் பெட்டின்னு சொல்றாங்க. படத்துல ஆரஞ்சு நிறத்துல இல்ல இருக்கு?” பக்கத்து வரிசை மாணவி விடவில்லை. “அந்தப் பெட்டி உடையாதுன்னா, முழு விமானத்தையும் அதே மாதிரி செஞ்சிடலாமே ஐயா?” வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையிலிருந்து மூன்றாவது கேள்வி வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. “அப்போ எம்எச்370 பெட்டி ஏன் இன்னும் கிடைக்கல?”

மூன்றும் நல்ல கேள்விகள். அவற்றுக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை. அறிவியல் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும், கருத்துணர்தலுக்குப் பகுதி தேடும் ஆசிரியர்களுக்கும் உதவும். முடிவில் கலைச்சொற்களும் பயிற்சி வினாக்களும் உள்ளன.

1. ஏன் கறுப்பு?

உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத கருவியைப் பொறியியலாளர்கள் ‘கறுப்புப் பெட்டி’ என்பார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் பெட்டிக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் பூசியிருப்பார்கள். கரிந்த இடிபாடுகளுக்கு நடுவிலும், சேற்றிலும், கடலடியிலும் கண்ணில் பட வேண்டுமே!

இன்னொன்று. பெரிய பயணிகள் விமானத்தில் பொதுவாக ஒன்றல்ல, இரண்டு பதிவிகள் இருக்கும்.

பறப்புத் தரவுப் பதிவி: உயரம், வேகம், திசை, இயந்திரத்தின் நிலை, விமானி எந்தக் கட்டுப்பாட்டை எவ்வளவு அசைத்தார் என்பன போன்ற நூற்றுக்கணக்கான அளவுகளை நொடிக்கு நொடி பதியும். குறைந்தது 25 மணி நேரத் தரவு இதில் இருக்கும்.

விமானி அறைக் குரல் பதிவி: விமானிகளின் பேச்சு, வானொலி உரையாடல், எச்சரிக்கை மணிகள், விசைகளைத் தட்டும் சத்தம் வரை பதியும்.

சுருக்கமாகச் சொன்னால், முதலாவது ‘என்ன நடந்தது’ என்று சொல்லும். இரண்டாவது ‘ஏன் அப்படிச் செய்தார்கள்’ என்று புரிய வைக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். தேர்வில் பலர் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடுகிறார்கள்.

2. ஒரு மகனின் யோசனை

1953 மே 2 அன்று, சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குச் சென்றுகொண்டிருந்த கோமெட் விமானம் கல்கத்தாவில் நின்று புறப்பட்ட சிறிது நேரத்தில் நொறுங்கி விழுந்தது. விமானத்தில் இருந்த 43 பேரும் இறந்தனர். கோமெட்தான் உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானம். 1954இல் மேலும் இரண்டு கோமெட் விமானங்கள் மத்தியதரைக் கடல் பகுதியில் வானிலேயே சிதறின. ஏன் என்று சொல்ல உயிரோடு ஒருவரும் இல்லை.

அந்த விபத்துகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர் டேவிட் வாரன். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் வானூர்தி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த எரிபொருள் வேதியியலாளர். அவருடைய தந்தை 1934இல் பாஸ் நீரிணைக்கு மேல் காணாமல் போன ஒரு விமானத்தில் இறந்தவர். அதற்கும் காரணம் தெரியாமலே போய்விட்டது. ஒரு கண்காட்சியில் சட்டைப் பையில் அடங்கும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்திருந்தார் வாரன். விழுந்த விமானத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் விமானிகள் கடைசியாகப் பேசியது கிடைத்திருக்குமே என்று தோன்றியது. 1956இல் மாதிரிக் கருவியைச் செய்து முடித்தார். மெல்லிய எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரக் குரலையும் சில கருவி அளவுகளையும் அது பதிந்தது.

உடனே வரவேற்பு கிடைத்ததா? இல்லைங்க. விமானிகளின் சங்கமே எதிர்த்தது. தங்களை வேவு பார்க்கும் கருவி என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு வருவோம். 1960இல் குவின்ஸ்லாந்தின் மக்காய் அருகே ஒரு விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்தனர். காரணம் உறுதியாகத் தெரியவில்லை. அதன் பிறகுதான் குரல் பதிவியை ஆஸ்திரேலியா கட்டாயமாக்கியது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான்.

தரவுப் பதிவி வேறு வழியில் வளர்ந்தது. அமெரிக்காவில் 1950களில் வந்த கருவிகளில் ஊசி ஒன்று உலோகத் தகட்டில் கீறிக்கொண்டே போகும். உயரம், வேகம், திசை, மேல்கீழ் முடுக்கம், நேரம் என ஐந்தே அளவுகள். பிறகு காந்த நாடா வந்தது. இப்போது நம் கைப்பேசியில் இருப்பது போன்ற நினைவகச் சில்லுதான்.

3. முழு விமானத்தையும் ஏன் இப்படிச் செய்யவில்லை?

மாணவியின் கேள்விக்கு வருவோம். பதிவி தாங்க வேண்டியவை இவை:

- புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 3,400 மடங்கு அதிர்ச்சி
- 1,100 பாகை செல்சியஸ் தீயில் ஒரு மணி நேரம்
- 6,000 மீட்டர் ஆழக் கடல்நீரின் அழுத்தம், 30 நாள்

விமானத்தின் உடலில் பெரும்பகுதி அலுமினியக் கலவை. தூய அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். அப்படியென்றால் விமானமே உருகினாலும் உள்ளே இருக்கும் சில்லு பிழைக்க வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 6,000 மீட்டரில் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இதற்காகச் சிறிய நினைவகத்தை மட்டும் எஃகு அல்லது டைட்டானியக் கூட்டுக்குள் வைத்து, நடுவில் வெப்பம் கடத்தாத பொருளை நிரப்புகிறார்கள். பெட்டியைப் பெரும்பாலும் வால் பகுதியில் பொருத்துவார்கள். விமானம் முதலில் மூக்கால் மோதினால் வால் பகுதிக்கு அடி குறைவு. முழு விமானத்தையும் இப்படிக் கட்டினால் அது எழும்பவே எழும்பாது. எழும்பினாலும் பயன் இல்லை. 3,400 மடங்கு அதிர்ச்சியைப் பெட்டி தாங்கும், மனித உடல் தாங்காது.

ஆகவே பெட்டி அந்த விமானத்தில் இருப்பவர்களைக் காப்பாற்ற வைத்தது அல்ல. அடுத்த விமானத்தில் ஏறப் போகிறவர்களுக்காக வைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து கேஎல் சென்ட்ரல் போய், ரயில் பிடித்து, கேஎல்ஐஏவில் விமானம் ஏறும் நீங்களும் நானும்தான் அந்த அடுத்தவர்கள்.

4. பூச்சோங், 1989: ‘டூ’ என்ற ஒரே ஒலி

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று. இதை எந்த மொழி ஆசிரியரும் மறக்கக் கூடாது.

1989 பிப்ரவரி 19 அதிகாலை. ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் சிங்கப்பூரிலிருந்து சுபாங் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. விமானத்தில் நான்கு பேர். 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல வேண்டிய கட்டுப்பாட்டு அதிகாரி, இலக்கங்களைத் தனித்தனியாகச் சொன்னார்: ‘டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ.’

ஆங்கிலத்தில் ‘இரண்டு’ என்பதும் ‘டூ’. ‘அந்த அளவு வரைக்கும்’ என்று காட்டும் சொல்லும் ‘டூ’. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். விமானி, ‘400 அடி வரை இறங்கு’ என்று எடுத்துக்கொண்டார். ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று திரும்பச் சொன்னார். அந்தப் பிழையை யாரும் பிடிக்கவில்லை. விமானம் இறங்கிக்கொண்டே போய், பூச்சோங் அருகே சுமார் 437 அடி உயரத்தில் குன்றின் சரிவில் மோதியது. நால்வரும் இறந்தனர்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். கட்டுப்பாட்டு நிலையத்திலும் வானொலிப் பேச்சு பதிவாகுமே, பிறகு விமானத்தில் எதற்கு? சரியான கேள்வி. வானொலியில் பேசியதை நிலையத்தின் பதிவும் காட்டும். ஆனால் விமானி அறைக்குள் தங்களுக்குள் என்ன பேசினார்கள், எந்த எச்சரிக்கை ஒலித்தது, அதற்கு என்ன செய்தார்கள் என்பதைக் குரல் பதிவிதான் சொல்லும். தரை நெருங்குவதை அறிவிக்கும் கருவி பல முறை எச்சரித்தது அந்தப் பதிவில் கேட்டது. குழுவினர் உடனே மேலெழும்பவில்லை. தாங்கள் சரியான உயரத்தில்தான் இருக்கிறோம் என்று நம்பியவர்களுக்கு எச்சரிக்கை உறைக்கவில்லை.

இன்றைய விமானிகளுக்குச் சொல்லப்படும் பாடம் இது: அந்த எச்சரிக்கை ஒலித்தால் விவாதிக்காதே, முதலில் மேலே எழும்பு. உயரத்தைச் சொல்லும்போது ‘டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்று ஆயிரமும் நூறும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அனைத்துலக முறை. ஆயிரம் என்ற சொல் வந்துவிட்டால் 400 என்று மயங்க இடமில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு செயல்பாடு: மாணவர்களை இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் இரைச்சலுக்கு நடுவே எண்களைச் சொல்லட்டும். அறுபது, எழுபது, தொண்ணூறு, தொள்ளாயிரம் எல்லாம் கலந்து வரட்டும். மற்றவர் கேட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைச் சரிபார்க்க வேண்டும். திரும்பச் சொல்வது பாதி வேலைதான், அதைக் கவனித்துக் கேட்பது மறு பாதி என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

5. ஒரு பதிவி மட்டும் இருந்தால்?

சுபாங்குக்கு வடக்கே உள்ள எல்மினாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில், 1977 செப்டம்பர் 27 அன்று, ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று சுபாங்கில் இறங்க வரும்போது அங்கே விழுந்தது. 79 பேரில் 34 பேர் இறந்தனர். 2023 ஆகஸ்ட் 17 அன்று, தோட்டம் நகரமாகிவிட்ட அதே எல்மினாவில், லங்காவியிலிருந்து வந்த சிறிய ஜெட் விமானம் சாலையில் விழுந்தது. விமானத்தில் இருந்த 8 பேரும் சாலையில் போன 2 பேரும் மாண்டனர்.

அந்தச் சிறிய விமானத்தில் தரவுப் பதிவி இல்லை, குரல் பதிவி மட்டும் இருந்தது. அந்தக் குரலையும், இடிபாடுகளையும், சாலையில் சென்ற வாகனக் கேமராவின் காட்சியையும் சேர்த்து வைத்துத்தான் புலனாய்வாளர்கள் காரணத்தைத் தேட வேண்டியிருந்தது. தரையில் இறங்கிய பிறகு விரிய வேண்டிய இறக்கைத் தகடுகள் வானிலேயே தவறுதலாக விரிக்கப்பட்டன என்று இறுதி அறிக்கை சொன்னது.

6. எம்எச்17: நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு

2014 ஜூலை 17 அன்று எம்எச்17 உக்ரைனின் கிழக்குப் பகுதிக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் உயிரிழந்தனர். விழுந்த இடம் போர்க்களம். பெட்டிகள் கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்தன. சில நாள்களுக்குப் பிறகு டொனெட்ஸ்க் நகரில் அவை மலேசிய அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பிறகு நெதர்லாந்தின் பொறுப்பில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் படிக்கப்பட்டன.

தரவுப் பதிவியில் கோளாறு எதுவும் தெரியவில்லை. குரல் பதிவியிலும் விமானிகளின் பேச்சில் பதற்றம் இல்லை. பதிவு நிற்கும் கடைசிக் கணத்தில் 2.3 மில்லிநொடி நீளமுள்ள ஓர் ஒலி உச்சம் இருந்தது. அதில் என்ன கண்டுபிடிக்க முடியும் என்று நினைப்பீர்கள்.

இங்கேதான் படிவம் 4 இயற்பியல் வருகிறது. சாதாரண ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மில்லிநொடிக்கு 34 சென்டிமீட்டர். வெடிப்பின் அதிர்வலை இதைவிட வேகமானது, ஆனால் கணக்கு முறை ஒன்றுதான். விமானி அறையில் பல ஒலிவாங்கிகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. எந்த ஒலிவாங்கிக்கு ஒலி முதலில் வந்தது, எதற்குப் பின்னால் வந்தது என்று பார்த்தால் ஒலி வந்த திசை கிடைக்கும். வெடிப்பு விமானத்துக்கு வெளியே, விமானி அறையின் இடப்பக்கம் மேலே நிகழ்ந்தது என்று தெரிந்தது. 2015 அக்டோபரில் வந்த அறிக்கையின் முக்கியச் சான்றுகளில் இதுவும் ஒன்று.

7. எம்எச்370: பெட்டி இருந்தும் பதில் இல்லை

கடைசி வரிசைக் கேள்வி இப்போது. 2014 மார்ச் 8, அதிகாலை 12.42க்கு எம்எச்370 கேஎல்ஐஏவிலிருந்து பெய்ஜிங் புறப்பட்டது. 239 பேர். 1.19க்குக் கடைசி வானொலிப் பேச்சு. 1.21 அளவில் ரேடார் திரையிலிருந்து அதன் குறியீடு மறைந்தது. ஆனால் ஒரு செயற்கைக்கோளுடன் விமானத்தின் கருவி தானாகத் தொடர்பு கொண்டபடியே இருந்தது. கடைசித் தொடர்பு காலை 8.19க்கு.

பெட்டியோடு நீரடி ஒலிப்பான் ஒன்று பொருத்தியிருப்பார்கள். நீர் பட்டதும் நொடிக்கு ஒரு முறை 37.5 கிலோஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும். மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, அதற்கென்று தனிக் கருவி வேண்டும். அப்போதைய மின்கலம் 30 நாள்தான் தாங்கும். மார்ச் 8லிருந்து எண்ணுங்கள், ஏப்ரல் 7. முதல் வாரம் தென்சீனக் கடலில் தேடினார்கள். தென் இந்தியப் பெருங்கடலில் நீரடி ஒலி கேட்கும் கருவியை இழுத்துக்கொண்டு கப்பல் தேடத் தொடங்கியது ஏப்ரல் 4இல். மிச்சம் சில நாள். அதோடு, தரவுப் பதிவியின் ஒலிப்பான் மின்கலம் 2012 டிசம்பரிலேயே காலாவதியாகிவிட்டது என்று ஓராண்டு கழித்து வந்த இடைக்கால அறிக்கை கூறியது.

இன்னொரு சிக்கலையும் கவனியுங்கள். அந்தக் குரல் பதிவி கடைசி 2 மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும். பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும். 8.19 வரை அது ஓடியிருந்தால், அதில் இருப்பது காலை 6.19க்குப் பிந்தைய ஒலி மட்டும். விமானம் திரும்பிய 1.21 ஏற்கெனவே அழிந்திருக்கும். ஆகவே குரல் பதிவி நாளை கிடைத்தாலும் முதன்மையான கேள்விக்கு அது பதில் சொல்லாமல் போகலாம். 25 மணி நேரத் தரவுப் பதிவிதான் நம்பிக்கை.

2015 ஜூலையில் ரியூனியன் தீவில் ஓர் இறக்கைப் பாகம் ஒதுங்கியது. 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் தேடி 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். 2018இல் ஒரு தனியார் நிறுவனம் தேடியது. 2025 மார்ச்சில் மீண்டும் ஒரு தேடலுக்கு மலேசிய அரசு ஒப்புதல் தந்தது. காத்திருக்கும் குடும்பங்களுக்கு இது செய்தி அல்ல, வீட்டில் வெறுமையாய்க் கிடக்கும் ஒரு நாற்காலி.

ஆனால் பெட்டி கிடைக்காததிலிருந்தும் உலகம் பாடம் கற்றது. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் மாறின:

- நீரடி ஒலிப்பான் 30 நாளுக்குப் பதில் 90 நாள் ஒலிக்க வேண்டும்.
- புதிய பெரிய விமானங்களில் குரல் பதிவி 2 மணிக்குப் பதில் 25 மணி நேரம் பதிய வேண்டும்.
- கடலுக்கு மேல் பறக்கும் பெரிய விமானத்தின் இடம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை தெரிய வேண்டும்.
- புதிய விமானங்கள் ஆபத்தில் சிக்கினால் நிமிடத்துக்கு ஒரு முறை தானாக இடத்தை அறிவிக்க வேண்டும்.

8. குற்றவாளியைப் பிடிக்கவா?

வாரன் காலத்து விமானிகளின் அச்சத்துக்கு இப்போது வருவோம். அனைத்துலக விதிகளின் 13ஆம் இணைப்பு தெளிவாகச் சொல்கிறது: விபத்துப் புலனாய்வின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல. குரல் பதிவுகளைக் காக்கத் தனி விதிகளும் உண்டு. பதிவி பேசினால் தண்டனைதான் என்று ஆகிவிட்டால், யாரும் தவற்றை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பூச்சோங்கில் ‘கவனமில்லாத விமானி’ என்று சொல்லிக் கதையை முடித்திருந்தால், ‘டூ’ என்ற ஒலியின் ஆபத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

விபத்து நடந்தால்தான் தரவைப் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. பெரிய விமான நிறுவனங்கள் சாதாரணப் பயணங்களின் தரவையும் தொடர்ந்து அலசுகின்றன. ஒரே ஓடுபாதையில் பல விமானங்கள் வேகமாக இறங்குகின்றன என்றால், சிக்கல் ஆளிடமா முறையிடமா என்று முன்கூட்டியே பார்க்கலாம். நாம் மாணவரின் பயிற்சி ஏட்டில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பது போலத்தான். முப்பது பேரும் ஒரே பிழையைச் செய்தால், நம் பாடத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும், இல்லையா?

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விபத்து நடந்த அன்றே புலனத்தில் ‘கறுப்புப் பெட்டி ஒலிப்பதிவு’ என்று ஏதாவது வரும். பெரும்பாலும் போலி. பதிவியைத் திறந்து படித்து, பிற சான்றுகளோடு ஒப்பிட்டு அறிக்கை வர மாதங்கள் ஆகும். அதுவரை பகிராதீர்கள். இறந்தவர்களின் குடும்பத்தாரும் புலனம் பார்க்கிறார்கள்.

9. தேர்வுப் பயிற்சி

கலைச்சொற்கள்

பறப்புத் தரவுப் பதிவி: விமானத்தின் இயக்க அளவுகளைப் பதியும் கருவி
விமானி அறைக் குரல் பதிவி: பேச்சையும் சுற்றொலியையும் பதியும் கருவி
நீரடி ஒலிப்பான்: நீருக்குள் இருப்பிடத்தைக் காட்ட ஒலி எழுப்பும் கருவி
இடிபாடு: விபத்துக்குப் பின் எஞ்சிய உடைந்த பாகங்கள்
புலனாய்வு: சான்றுகளைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

வினாக்கள்

1. தரவுப் பதிவிக்கும் குரல் பதிவிக்கும் உள்ள மூன்று வேறுபாடுகளை எழுதுக.
2. 1989 பூச்சோங் விபத்தில் தகவல் தொடர்பு எந்த எந்த இடங்களில் தவறியது? (குறிப்பு: சொன்னவர், கேட்டவர், திரும்பச் சொன்னதைக் கேட்டவர் என மூன்று நிலைகளில் பாருங்கள்.)
3. ஒரு விமானம் காலை 7.00க்குப் புறப்பட்டு மாலை 3.30க்கு விழுந்தது. குரல் பதிவி 2 மணி நேரம் மட்டும் பதியும். எந்த நேரத்து ஒலி கிடைக்கும்? 25 மணி நேரம் பதிந்தால்?
4. ‘விபத்துப் புலனாய்வின் நோக்கம் பழி சுமத்துவது அல்ல.’ இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ 200 சொற்களில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதுக.

நான்காம் வினாவுக்கு வகுப்பில் முதலில் சொற்போர் நடத்துங்கள், பிறகு எழுதச் சொல்லுங்கள். மறுத்துப் பேசும் அணிக்கும் வலுவான வாதம் உண்டு: காலாவதியான மின்கலத்துக்கு யாருமே பொறுப்பேற்க வேண்டாமா? என் வகுப்பில் அன்று அந்தக் கேள்வியிலேயே மணி அடித்துவிட்டது. மறுநாள் மாணவர்கள் கேட்காமலே அதிலிருந்துதான் தொடங்கினார்கள்.